லேவியராகமத்தோடு நின்றுபோகிறவர்கள் வேதத்தை எப்படி வாசிக்கத் தொடங்கலாம்?

கேள்வி சுருக்கமாக இது: ஒருவர் சிறு வயதிலிருந்து ஆலயத்துக்குப் போகிறார், பாட்டும் வசனமும் பழக்கம், ஆனால் வேதாகமத்தைத் தனியாக உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு ஆண்டும் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுபோகிறது. எங்கே தொடங்குவது, ஒரு நாளைக்கு எவ்வளவு, எந்த மொழிபெயர்ப்பு, புரியாத இடத்தில் என்ன செய்வது?

நின்றுபோன இடமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. ஓர் ஆண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்குச் சற்று மேல் வரும். ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் ஆரம்பித்து நாளுக்கு மூன்று அதிகாரம் போனால், முதல் மூன்று வாரம் கதையாகவே ஓடும்: ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு, மோசே, செங்கடல். ஜனவரி 25 அன்று யாத்திராகமம் 25 வரும். ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகள், பாதங்கள், கொளுவிகள், முழக்கணக்கு. அதே அளவுகள் 35-ம் அதிகாரம் முதல் மறுபடியும் வரும். ஜனவரி 31 அன்று லேவியராகமம் 1, 2, 3: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி. பிப்ரவரி 4 அன்று தோலில் வரும் வெள்ளைத் தடிப்பு, வீட்டுச் சுவரில் வரும் தோஷம். பிப்ரவரி 9 அன்று எண்ணாகமத்தின் ஜனத்தொகைக் கணக்கு. வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு இதை மூன்று மூன்று அதிகாரமாக விழுங்க வேண்டுமென்றால் யாருக்கும் தொண்டை அடைக்கும். உங்கள் பக்தியில் குறை தேடாதீர்கள். வரிசையும் அளவும் உங்களுக்குப் பொருந்தாமல் போயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே முழு வேதாகமத்தையும் முடிக்கும் திட்டத்தை இந்த ஆண்டு ஒதுக்கி வையுங்கள். ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, இரண்டு தடவை வாசியுங்கள். கீழே வருகிற எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றியதுதான்.

அந்தப் புத்தகம் மாற்கு. 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சிறியது. புதிய ஏற்பாட்டை முதல் பக்கத்தில் திறந்தால் மத்தேயுவின் 17 வசன வம்ச வரலாறு வழிமறிக்கும். மாற்கு நேரே யோர்தான் கரைக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. யூத வழக்கம் தெரியாதவர்கள் வாசிப்பார்கள் என்று நினைத்தே அவர் எழுதியிருக்கிறார். 7:3-4-ல் (7-ம் அதிகாரம், 3, 4 வசனங்கள்) கைகழுவும் வழக்கத்தை நின்று விளக்குகிறார். 5:41-ல் ‘தலீத்தாகூமி’, 7:34-ல் ‘எப்பத்தா’ என்று இயேசுவின் வாயிலிருந்து வந்த அரமேயச் சொல்லை அப்படியே வைத்து, உடனே அதன் பொருளையும் சொல்லிவிடுகிறார். புதிதாக வாசிக்கிறவரைக் கையைப் பிடித்து நடத்துகிற எழுத்து அது. ‘உடனே’ என்ற சொல் கிரேக்க மூலத்தில் ஏறக்குறைய 40 இடங்களில் வருகிறது; தமிழில் வாசித்தாலும் அந்த வேகம் தெரியும்.

முதல் தடவை வாசிக்கும்போது பேனாவும் நோட்டும் வேண்டாம். ஒரு சனிக்கிழமை 1 முதல் 8 வரை, ஞாயிறு மதியம் 9 முதல் 16 வரை. வாய்விட்டு வாசித்தால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். புரியாத இடத்தில் நிற்காதீர்கள், கடந்து போங்கள். ஆலயத்தில் துண்டு துண்டாகக் கேட்ட சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் புத்தகத்தின் உருவம் தெரியும். முதல் பாதி முழுக்க ‘இவர் யார்?’ என்று எல்லாரும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 8:29-ல் பேதுரு பதில் சொல்கிறான். அடுத்த மூச்சிலேயே, 8:31-ல், தாம் பாடுபட்டு மரிக்கப்போவதை இயேசு சொல்லத் தொடங்குகிறார். 9:31-லும் 10:33-லும் அதையே திரும்பச் சொல்கிறார். 11-ம் அதிகாரம் முதல் மீதி ஆறு அதிகாரமும் எருசலேமில் அந்தக் கடைசி வாரத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் போய்விடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! தினம் பத்து வசனம் வாசிக்கிறவர் கண்ணில் இது படவே படாது.

இரண்டாம் தடவைதான் மெதுவாக. நாளுக்கு அரை அதிகாரம் என்றால் 32 நாள். 56 வசனமுள்ள 6-ம் அதிகாரத்துக்கும் 72 வசனமுள்ள 14-ம் அதிகாரத்துக்கும் ஒவ்வொரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஆறு நாள் வாசித்தால் ஆறு வாரம். நாளுக்கு 15 முதல் 20 நிமிடம் போதும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கு அதிகார எண்ணை நம்பாதீர்கள். அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் போட்டவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் சேர்த்தவை. பெரும்பாலும் சரியாக இருக்கும், சில இடத்தில் பேச்சை நடுவில் வெட்டியிருக்கும். மாற்கு 9:1 உண்மையில் 8-ம் அதிகாரத்தின் கடைசி வரி. 1 கொரிந்தியர் 11:1-ஐ 10-ம் அதிகாரத்தோடு சேர்த்து வாசித்தால்தான் பவுல் எதைப் பின்பற்றச் சொல்கிறார் என்று தெரியும். ஏசாயா 53 தொடங்குவது 52:13-ல். ஆகவே ஒரு சம்பவம், ஒரு பேச்சு, ஓர் உவமை முடிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

இனி மொழிபெயர்ப்பு. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-ல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததிலிருந்து தமிழில் இந்த வேலை நின்றதில்லை. இன்று பெரும்பாலான சபைகளில் கையில் இருப்பது பழைய திருப்புதல். ஹென்றி பவர் தலைமையிலான குழு உழைத்து 1871-ல் வந்தது. பாட்டு, பிரசங்கம், மனப்பாட வசனம் எல்லாம் அந்த மொழியில்தான் இருக்கிறது. அதை விட்டுவிடச் சொல்ல மனம் வராது, சொல்லவும் கூடாது. ஆனால் முதல் வாசிப்பிலேயே அதன் சொற்களோடு மல்லுக்கட்டினால் களைத்துப்போவீர்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் இன்றைய தமிழ், ஈ.ஆர்.வி. எனப்படும் எளிய மொழிபெயர்ப்பு அதைவிடவும் எளிது. முதல் தடவை இந்த இரண்டில் ஒன்று, மெதுவாக வாசிக்கும்போது பழைய திருப்புதல், தடுமாறும் வசனத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

மாற்கு 1:15-ஐப் பாருங்கள். பழைய திருப்புதல் ‘மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்’ என்கிறது. திருவிவிலியம் ‘மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்’ என்கிறது. இருபது ஆண்டு கேட்டுப் பழகிய சொல், பழக்கத்தாலேயே காதில் விழாமல் போயிருக்கும். இரண்டாவது வடிவம் அதைத் தட்டி எழுப்பும். ஆயக்காரர் என்றால் வரி வசூலிப்பவர். வேதபாரகர் என்பதைத் திருவிவிலியம் மறைநூல் அறிஞர் என்கிறது. திமிர்வாதக்காரன் என்றால் கைகால் செயலிழந்தவன், திமிர் பிடித்தவன் அல்ல. இதைத் தவறாகவே புரிந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு, வீட்டில் சேர்ந்து வாசித்தால் கேட்டுப் பாருங்கள். அப்பம் என்பது நம் வீட்டு ஆப்பமல்ல, ரொட்டி.

பழைய திருப்புதலில் இன்னொரு விஷயம் புதியவர்களை உறுத்தும். பேதுருவையும் யோவானையும் ‘அவன்’ என்றும் மரியாளை ‘அவள்’ என்றும் எழுதியிருக்கும். இயேசுவை மட்டும் ‘அவர்’ என்பார்கள். திருவிவிலியத்தில் பெரும்பாலானவர்களுக்கு மரியாதைப் பன்மை. அவமதிப்பு என்று எண்ண வேண்டாம், அந்தக் காலத்து எழுத்து முறை அது. வாசிக்கிறவருக்கு அதனால் ஒரு லாபமும் உண்டு: கூட்டமான சம்பவத்தில் செய்தது யார், சொன்னது யார் என்று குழம்பும்போது, கதை சொல்லும் வாக்கியத்தில் ‘அவர்’ வந்தால் அது இயேசுதான் என்று பெரும்பாலும் பிடித்துக்கொள்ளலாம்.

நேரமும் பணமும் அப்படியே. பழைய திருப்புதலில் ‘மூன்றாம்மணி வேளை’ (15:25) என்றால் மதியம் மூன்று மணி அல்ல. பொழுது விடிந்ததிலிருந்து எண்ணி, காலை ஒன்பது. ஆறாம்மணி நடுப்பகல், ஒன்பதாம்மணி பிற்பகல் மூன்று. இரவில் நாலாம் ஜாமம் (6:48) என்பது அதிகாலை மூன்று முதல் ஆறு வரை. 6:37-ல் ஐயாயிரம் பேருக்கு ‘இருநூறு பணத்துக்கு’ அப்பம் வாங்கவா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். எவ்வளவு என்று தெரிய அகராதி வேண்டாம். மத்தேயு 20:2-க்குப் போனால், திராட்சத்தோட்டத்தில் ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று இருக்கிறது. இருநூறு நாள் கூலி! வேதத்தை வேதத்தால் புரிந்துகொள்வது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஒத்த வாக்கியங்கள் ஓரத்தில் அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் வாங்கிவிடுங்கள். இந்த மாதிரி இணைப்புகளுக்கு அது வழிகாட்டும்.

இரண்டு மொழிபெயர்ப்பை ஒப்பிடும்போது ஒரு நாள் திடுக்கிடுவீர்கள். புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் மாற்கு 9:43-க்கு அடுத்து 9:45 வரும்; 44-ம் 46-ம் அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். யாரோ வேதத்தை வெட்டிவிட்டார்கள் என்று கலங்காதீர்கள். பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த இரண்டு வசனமும் அந்த இடத்தில் இல்லை. அதே வார்த்தைகள் 9:48-ல் எல்லாவற்றிலும் இருக்கின்றன. 16:9-20 பகுதிக்கும் இப்படி ஒரு குறிப்பு இருக்கும். மிகப் பழைய பிரதிகள் 16:8-ல் முடிவதால் போட்ட குறிப்பு அது.

உட்கார்ந்ததும் என்ன செய்வது? நீண்ட ஜெபம் தேவையில்லை. சங்கீதம் 119:18 ஒரு வரி, அதையே ஜெபமாகச் சொல்லலாம்: ‘உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு என் கண்களைத் திறந்தருளும்.’ பிறகு அன்றைய பகுதியை ஒரு தடவை வாய்விட்டும், ஒரு தடவை மௌனமாகவும் வாசியுங்கள். பழைய திருப்புதலின் வாக்கியங்கள் நீளம். வாய்விட்டு வாசித்தால்தான் எங்கே மூச்சு விடுவது, எது எதோடு சேருகிறது என்று தெரியும். அதன்பின் நோட்டில் தேதியும் பகுதியும் போட்டு மூன்றே குறிப்பு: என்ன நடந்தது, எது புரியவில்லை அல்லது எது உறுத்தியது, இன்றைக்கு நான் எதைப் பிடித்துக்கொள்கிறேன். இந்த வரிசை முக்கியம். பலரும் மூன்றாவதில் தொடங்கி, நடந்ததையே பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மாற்கு 5:21-43-ஐ எடுத்து ஒரு பக்கத்தை நிரப்பிப் பார்ப்போம்.

நடந்தது: யவீரு சாகப்போகும் மகளுக்காக இயேசுவின் காலில் விழுகிறான். போகிற வழியில் பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண் அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவர் நின்றுவிடுகிறார். அதற்குள் மகள் இறந்த செய்தி வருகிறது. அவர் போய் அவளை எழுப்புகிறார்.

உறுத்தியது: யார் தொட்டது என்று ஏன் நின்று கேட்க வேண்டும்? அந்தப் பெண் சத்தமில்லாமல் போயிருக்கலாமே. அங்கே ஒரு பிள்ளை சாகக் கிடக்கிறதே.

அந்தக் கேள்வியோடு மறுபடி வாசியுங்கள். பெண் நோய்ப்பட்டது பன்னிரண்டு வருஷம் (வசனம் 25). சிறுமிக்கு வயது பன்னிரண்டு (வசனம் 42). யவீரு காலில் விழுந்தான் (22). அவளும் வந்து விழுகிறாள் (33). அவன் ஜெபஆலயத் தலைவன், பெயர் இருக்கிறது, ஊரில் மதிப்பு இருக்கிறது. அவளுக்குப் பெயரே சொல்லப்படவில்லை, கையிலிருந்த காசெல்லாம் வைத்தியர்களிடம் போய்விட்டது. ஒரு தகப்பன் தன் மகளுக்காக மன்றாடிக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போதே, யாரும் மன்றாட இல்லாத இந்தப் பெண்ணை இயேசு ‘மகளே’ என்று கூப்பிடுகிறார் (34). சத்தமில்லாமல் போயிருந்தால் சுகம் கிடைத்திருக்கும், அந்தச் சொல் கிடைத்திருக்காது. அந்தத் தாமதத்தில்தான் யவீருவும் ‘பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு’ (36) என்ற வார்த்தையைக் கேட்கிறான். கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள்: பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார்.

மூன்றாவது குறிப்பு ஒரே வரி போதும். ‘தாமதம் கைவிடுதல் அல்ல’ என்று ஒருவர் எழுதலாம். இன்னொருவர், இன்று அவசரத்தில் தள்ளிவிட்டுப் போகிற ஒரு ஆளுக்காக நிற்பேன் என்று எழுதலாம். இரண்டும் அந்தப் பகுதிக்குள்ளிருந்து வந்தவை. ‘தேவன் நல்லவர்’ என்று எழுதினால் எந்தப் பகுதிக்கும் பொருந்திவிடும். அப்படிப் பொருந்தினால் இன்னொரு தடவை வாசியுங்கள்.

நோட்டில் பிரசங்கம் எழுத வேண்டாம், அரைப் பக்கம் தாண்டக்கூடாது. வேதாகமத் தாள் மெல்லியது. ஜெல் பேனாவும் மார்க்கரும் பின்பக்கம் ஊறும். பென்சில் அல்லது சாதாரணப் பந்துமுனைப் பேனாவால் மெதுவாகக் கோடு போடுங்கள். சின்ன எழுத்துப் பதிப்பை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கி வாசிக்காதீர்கள். நாற்பது தாண்டியவர்களில் பலர் கண் வலியால் நிறுத்திவிட்டுத் தங்களுக்கு ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரிய எழுத்து வேதாகமம் கனமாக இருந்தாலும் மேசையில் வைத்து வாசிக்கத்தானே. போனில் வாசிப்பதில் தவறில்லை, ஆனால் நெட்டை அணைத்துவிடுங்கள். வசனம் தேடவும் மொழிபெயர்ப்பு ஒப்பிடவும் போன் நல்லது. தொடர்ந்து வாசிக்கப் புத்தகம் நல்லது. வாசிக்க முடியாத பெரியவர்களுக்கும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகிறவர்களுக்கும் ஒலி வடிவம் இருக்கிறது. முதல் தடவை மாற்குவை அப்படிக் கேட்டே முடிக்கலாம்.

அதிகாலை நாலு மணிக்கு எழுந்தால்தான் கணக்கு என்று யாரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள். காலையில் சமையலும் டிபன் பாக்ஸும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில், எல்லாரும் கிளம்பிய பிறகு பத்து மணிக்கு ஒரு தாய் உட்கார்வது எந்த விதத்திலும் குறைந்ததல்ல. இரவு ஷிப்டுக்காரருக்கு அது மாலை ஐந்து மணியாக இருக்கலாம். நேரத்தை மணியோடு கட்டாமல், தினமும் தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள்: முதல் காபி, குளித்து முடித்தது, கடை திறந்து முதல் வாடிக்கையாளர் வருமுன். போனைக் கையில் எடுப்பதற்கு முன் என்பது மட்டும் எல்லாருக்கும் பொருந்தும்.

நாள் தவறும். தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், அவ்வளவுதான். நேற்றையதையும் சேர்த்து இரட்டிப்பாக வாசித்து ஈடுகட்டப் போனால், நாளுக்கு மூன்று அதிகாரத் திட்டத்தில் மூன்று நாள் தவறியதும் ஒன்பது அதிகாரக் கடன் நிற்கும். கடன்காரன் வீட்டைச் சுற்றிப் போவது போல் வேதத்தைச் சுற்றிப் போக ஆரம்பிப்பீர்கள். தேதி போட்ட திட்டம் கையில் இருந்தால் தேதிகளை அடித்துவிட்டு எண் போடுங்கள். விடாமல் வாசித்த நாட்களை எண்ணிக் காட்டும் செயலி இருந்தால் அந்த எண்ணிக்கையை மறைத்துவிடுங்கள். ஒரு நாள் அது பூஜ்யத்துக்குத் திரும்பும்போது பலர் வாசிப்பையே விட்டுவிடுகிறார்கள்.

கைபோன இடத்தில் திறந்து, கண்ணில் பட்ட வசனத்தை அன்றைய வாக்காக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தனி வாசிப்பைத் தின்றுவிடுவது அதுதான். வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11 நல்ல வசனம். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது: கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது. சீக்கிரம் வீடு திரும்பிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களிடம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள் (29:5), எழுபது வருஷம் ஆகும் (29:10) என்று சொல்லிவிட்டுத்தான் 11-ம் வசனம் வருகிறது. 10-ஐ விட்டு 11-ஐ மட்டும் எடுத்தவர், மூன்று மாதத்தில் வேலை கிடைக்காததும் தேவன் பொய் சொன்னதாக நொந்துபோகிறார். முழுக் கடிதத்தையும் வாசித்தவருக்கு, நீண்ட காத்திருப்புக்குள்ளும் தாங்குகிற வசனமாக அது நிற்கிறது.

புரியாததை என்ன செய்வது? நோட்டின் கடைசிப் பக்கங்களில் கேள்விகளைத் தனியாக எழுதிக்கொண்டே போங்கள். பாதிக் கேள்விகளுக்கு அடுத்தடுத்த அதிகாரங்களே பதில் சொல்லிவிடும். மீதியை மாதம் ஒரு தடவை உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கொண்டுபோங்கள். குறிப்பான கேள்வியோடு வருகிறவரைப் பார்த்தால் அவர்களுக்கும் சந்தோஷம். விளக்கவுரையை, நீங்கள் வாசித்து எழுதி முடித்த பிறகு மட்டும் திறங்கள். முதலிலேயே திறந்தால் வேறொருவர் கண்ணால்தான் பார்ப்பீர்கள். வேதாகமத்தின் கடைசியில் வரைபடம் இருந்தால் அது விளக்கவுரையைவிட முதலில் உதவும். கலிலேயாக் கடல் என்பது ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமுமான ஏரி. மேற்குக் கரையில் யூதர்கள். கிழக்கே தெக்கப்போலியில் பெரும்பாலும் மற்ற இனத்தார். ‘அக்கரைக்குப் போவோம்’ (4:35) என்று இயேசு சொல்லும்போது எங்கே போகச் சொல்கிறார் என்று இப்போது தெரிகிறதல்லவா? பன்றியைத் தொடாத ஜனத்தின் கதையில் திடீரென ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் (5:13) எங்கிருந்து வந்தன என்பதும் அதில் விளங்கும்.

மாற்கு முடிந்ததும் ஆதியாகமம், நாளுக்கு ஓர் அதிகாரம், 50 நாள். தொடர்ந்து யாத்திராகமம் 1 முதல் 20 வரையும், 32 முதல் 34 வரையும். நடுவிலுள்ள கூடார அளவுகள் காத்திருக்கட்டும். பிறகு லூக்கா 24, அப்போஸ்தலர் 28, மொத்தம் 52 அதிகாரம். ஒரே ஆசிரியர், தெயோப்பிலு என்ற ஒரே ஆளுக்கு எழுதிய இரண்டு பாகம், ஆகவே சேர்த்தே வாசியுங்கள். அப்போஸ்தலர் 16 வரும்போது அங்கே நின்று, பிலிப்பியர் நிருபத்தின் நான்கு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் இருக்கிற சபைக்கு வந்த கடிதம் அது என்று தெரிந்து வாசித்தால், ‘சந்தோஷமாயிருங்கள்’ என்று சிறையிலிருந்து எழுதுவது வேறு கனத்தோடு கேட்கும். பவுலின் நிருபங்கள் காலவரிசையில் இல்லை. சபைகளுக்கு எழுதியவை முதலில், தனி ஆட்களுக்கு எழுதியவை பிறகு, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய நீளத்தின்படி அடுக்கியிருக்கிறார்கள். தீர்க்கதரிசிகளின் புத்தகங்களும் காலவரிசையில் இல்லை. ஆமோஸும் ஓசியாவும் கி.மு. 722-ல் சமாரியா விழுமுன் பேசியவர்கள். ஆகாய் பேசியது பாபிலோனிலிருந்து திரும்பியபின் கி.மு. 520-ல். ஆகாயை எஸ்றா 5-ஓடு சேர்த்து வாசித்தால் இரண்டே அதிகாரமுள்ள அந்தப் புத்தகம் திறந்துகொள்ளும். வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசிக்கு வையுங்கள். யாத்திராகமம், எசேக்கியேல், தானியேல், சகரியா தெரியாமல் அதன் படங்களுக்குள் போனால் யார் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டிவரும்.

இவற்றோடு தினம் ஒரு சங்கீதம். 150 சங்கீதமும் 171 நாளில் ஒரு சுற்று வரும். 176 வசனமுள்ள 119-ஐ மட்டும் எட்டு எட்டு வசனமாக 22 நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள், எபிரெய எழுத்துவரிசைப்படி அது அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மனம் வறண்டிருக்கும் நாட்களில் சங்கீதத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுந்தாலும் போதும். 13, 42, 88 போன்ற அழுகையின் சங்கீதங்களைத் தாண்டிப் போகாதீர்கள். தேவனிடம் அப்படியும் பேசலாம் என்று தெரிவதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

கத்தோலிக்கர் வாசித்தால் 73 புத்தகங்கள், பெயர்களும் மாறும். தொடக்க நூல் என்றால் ஆதியாகமம், விடுதலைப் பயணம் என்றால் யாத்திராகமம், திருப்பாடல்கள் என்றால் சங்கீதம். ஞாயிறு திருப்பலி வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு மாற்கு. அந்த ஆண்டு தொடங்கினால் ஆலயத்தில் கேட்பதும் வீட்டில் வாசிப்பதும் கைகோக்கும்.

முழுப் புதிய ஏற்பாட்டையும் பிறகு எடுக்க நினைத்தால் 260 அதிகாரம், வாரத்துக்கு ஐந்து நாள், 52 வாரம். கணக்கு கச்சிதம், வாரத்தில் இரண்டு நாள் மூச்சு விடவும் இடம். ஸ்காட்லாந்தின் போதகர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842-ல் தம் சபைக்குப் போட்ட திட்டம் இன்றும் பலரிடம் இருக்கிறது: நாளுக்கு நான்கு அதிகாரம், ஓர் ஆண்டில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை. நல்ல திட்டம்தான், ஆனால் இரண்டு மூன்று ஆண்டு நடந்து பழகிய கால்களுக்கு.

லேவியராகமம் மறுபடி எப்போது? எபிரெயருக்கு எழுதின நிருபத்தை எடுக்கும்போது. அப்போதும் 1-ம் அதிகாரத்தில் தொடங்காதீர்கள். முதல் நாள் 16-ம் அதிகாரம், பாவநிவிர்த்தி நாள். அதோடு எபிரெயர் 9. இரண்டாம் நாள் 19. அதன் 18-ம் வசனம் ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும், மாற்கு 12:31-ல் வாசித்திருப்பீர்கள். மூன்றாம் நாள் 25, நிலம் உரியவனிடம் திரும்பி, அடிமைப்பட்டவன் விடுதலையாகும் யூபிலி வருஷம். நான்காம் நாள் 14; உன்னை ஆசாரியனுக்குக் காண்பித்து, மோசே கட்டளையிட்டதைச் செலுத்து என்று மாற்கு 1:44-ல் இயேசு குஷ்டரோகியிடம் சொன்னாரே, அந்தக் கட்டளை இதுதான். அதற்கு அடுத்த நாள் 15-ஐத் திறந்து, 25 முதல் 27 வரை மெதுவாக வாசியுங்கள். உதிரப்போக்குள்ள பெண் அந்த நாளெல்லாம் தீட்டுள்ளவள், அவள் படுத்த படுக்கை தீட்டு, உட்கார்ந்த மணை தீட்டு, அவற்றைத் தொட்டவனும் சாயங்காலம் வரை தீட்டு. இப்படியே பன்னிரண்டு வருஷம். பிறகு பக்கத்தைத் திருப்பி மாற்கு 5:27-க்குப் போங்கள், அவள் கை நீளுகிற இடத்துக்கு. அதற்குப் பின் லேவியராகமம் 1 முதல் 7 வரை, நாளுக்கு ஒரு பலி.